வார்டு வாரியாகக் குடிநோய் எண்கள்: வரைபடத்தின் சிவப்பைப் படிப்பது எப்படி

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வாட்ஸப்பில் நான்கு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினார். வட இங்கிலாந்தில் ஒரு நகரம், தெருமுனைக் கடை. பால், ரொட்டி, லாட்டரிச் சீட்டோடு மதுவும் விற்கிறார். பதினொரு மணியோடு முடியும் மது விற்பனை நேரத்தை ஒரு மணி வரை நீட்டித் தரச் சொல்லி விண்ணப்பம் போட்டிருந்தார். அதை எதிர்த்து வந்த தாளில் ஒரு வரைபடம். வார்டுகளுக்கு வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கருஞ்சிவப்பு வரை நிறம் அடித்திருந்தார்கள், மேலே 'மது தொடர்பான மருத்துவமனைச் சேர்க்கைகள்' என்று தலைப்பு. அண்ணன் கடை இருக்கும் வார்டு கருஞ்சிவப்பு. கீழே ஒரே வரி கேட்டிருந்தார்: "தம்பி, இவ்வளவும் நம்ம கடையாலயா?"

பதில் சொல்ல ஐந்து வாய்ஸ் நோட் ஆயிற்று. பொதுச் சுகாதாரம் படிக்க இங்கே வந்து, டிசர்டேஷனுக்கு இதே எண்களை எடுத்துக்கொண்டு, 'ஏழை ஏரியாவில் அதிகம் குடிக்கிறார்கள்' என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதிவிட்டு என்னிடம் பார்த்துத் தரச் சொல்லும் தம்பி தங்கைகளுக்கும் அதே ஐந்து வாய்ஸ் நோட்தான் தேவைப்படுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இது இங்கிலாந்துக் கணக்கு. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வேறு வழியில் எண்ணுகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் எவ்வளவு குடித்தார்கள் என்று இந்த எண் சொல்வதே இல்லை. எந்த முகவரிக்காரர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தார்கள், அவர்கள் கோப்பில் என்ன குறியீடு விழுந்தது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

எந்த எண் என்று முதலில் பாருங்கள்

'மது தொடர்பான சேர்க்கை' என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று எண்கள் உலவுகின்றன. ஒன்று, முழுக்க மதுவால் வருபவை: மதுவால் வந்த கல்லீரல் நோய், போதை அடிமை நிலை, மது நஞ்சேறியது, இப்படி. நோய்க் குறியீட்டுப் புத்தகமான ஐசிடி-10இல் முறையே கே70 (K70), எஃப்10 (F10), டி51 (T51) போன்றவை. இவற்றில் மது இல்லாவிட்டால் நோயே இல்லை, சந்தேகத்துக்கு இடமில்லை. மற்ற இரண்டும் இவற்றோடு ஓரளவு மதுவால் வரும் நோய்களையும் சேர்த்துக்கொள்கின்றன: ரத்தக் கொதிப்பு, மார்பகப் புற்றுநோய், கீழே விழுந்து எலும்பு முறிவது, இன்னும் பல. அதில் 'குறுகிய' கணக்கு சேர்க்கைக்கான முதன்மைக் காரணத்தையும், விழுந்தது, அடிபட்டது போன்ற வெளிக்காரணத்தையும் மட்டும் பார்க்கும். 'விரிந்த' கணக்கு, கோப்பில் நோய்ப் பெயர்களை நிரப்ப இருக்கும் இருபது கட்டங்களில் எதில் மதுவோடு தொடர்புள்ள பெயர் இருந்தாலும் எடுத்துக்கொள்ளும்.

கையில் ஒரு கோப்பை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். 67 வயது அம்மா ஒருவர், கண்புரை அறுவைக்கு வந்து படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் கண்புரை. இரண்டாம் கட்டத்தில், கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருந்ததால், ரத்தக் கொதிப்பு. முழுக்க-மதுக் கணக்கில் இவர் இல்லை. குறுகிய கணக்கிலும் இல்லை. விரிந்த கணக்கில் இருக்கிறார், முழு ஆளாக இல்லை, ஒரு பின்னமாக. அவர் வாழ்நாளில் ஒரு மடக்கு வைனைத் தொட்டிருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை.

இதில் இன்னொரு கோணலும் உண்டு. ஆஸ்பத்திரிகள் இரண்டாம், மூன்றாம் கட்டங்களை நிரப்புவதில் வருடா வருடம் கெட்டிக்காரர்களாகிக்கொண்டே வருகின்றன. முன்பு நான்கு நோய் எழுதிய இடத்தில் இப்போது ஒன்பது எழுதுகிறார்கள். அதற்குப் பணக் காரணமும் உண்டு, பராமரிப்புக் காரணமும் உண்டு. ஊரில் ஒருவரும் கூடுதலாக ஒரு கிளாஸ் குடிக்காமலேயே விரிந்த எண் ஏறிக்கொண்டு போகும். மதுப் பழக்கத்தைக் கேட்டறியத் தனிக்குழு வைத்திருக்கும் ஆஸ்பத்திரியில் போதை அடிமை நிலைக்கான எஃப்10 கூடுதலாகப் பதிவாகும். அது அந்த ஆஸ்பத்திரி நன்றாக வேலை செய்வதன் அடையாளம். வரைபடத்தில் மட்டும் சுற்றுவட்டார வார்டுகள் சிவந்துபோகும்.

அந்தப் பின்னம் எங்கிருந்து வருகிறது

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள், நானும் இரண்டு வருடம் விழுந்து கிடந்தேன், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஓரளவு மதுவால் வரும் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பின்னம் வைத்திருக்கிறார்கள். இந்த வயதில், இந்தப் பாலினத்தில், இந்த நோயில் இத்தனை பங்கை மதுவின் கணக்கில் எழுதலாம் என்று. அந்தப் பின்னத்துக்கு இரண்டு மூலம்: குடித்தால் நோய் எவ்வளவு கூடும் என்று சொல்லும் ஆய்வுகள், அப்புறம் நாடு முழுவதும் மக்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று சொல்லும் சர்வே. நாடு முழுவதும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வார்டுக்காரர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது அதில் எங்கேயும் நுழைவதில்லை.

விளைவு என்ன? ஒரு வார்டில் ரத்தக் கொதிப்புச் சேர்க்கை அதிகம் என்றால், அதே தேசியப் பின்னத்தால் பெருக்கி, அந்த வார்டின் 'மது' எண்ணும் அதிகம் என்று வந்துவிடும். வட இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டின் பர்ன்கிரீவ் வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தானிய, சோமாலிய, ஏமனிய வம்சாவளி முஸ்லிம்கள் நிறையப் பேர் வாழும் இடம், மதுவைத் தொடாதவர்கள் வீட்டுக்கு வீடு. ஆனால் ஏழ்மையும் நோயும் உள்ள இடம். அங்கே தொழுகைக்குப் போய்வரும் ஒரு பெரியவர் கொதிப்பு ஏறி அட்மிட் ஆனால், அவருடைய ஒரு துண்டு மதுவின் கணக்கில் விழுகிறது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நாடு முழுவதற்கும் கூட்டிப் பார்க்கும்போது இந்தப் பின்னக் கணக்கு நியாயமானதுதான், அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். வார்டுக்கு வார்டு ஒப்பிட இழுத்துவரும்போதுதான் காலை வாருகிறது.

ஆகவே என் கட்சி இதுதான்: ஏரியாக்களை ஒப்பிட வேண்டுமானால் முழுக்க-மது எண்ணைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் குறுகியது. விரிந்த எண்ணை வைத்து வார்டுகளுக்கு நிறம் அடிப்பவர்களிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள். சிக்கல் என்னவென்றால், ஃபிங்கர்டிப்ஸ் என்ற அரசு இணையதளத்தில் நகர அளவில் மூன்றும் கிடைக்கும், வார்டு அளவுக்கு இறங்கும்போது குறுகியதும் விரிந்ததும்தான் கண்ணில் படும். முழுக்க-மது எண்ணை வார்டு அளவில் வாங்க கவுன்சிலின் பொதுச் சுகாதாரக் குழுவுக்கு எழுத வேண்டியிருக்கும். எப்படி எழுதுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

குடித்த இடம் வேறு, எண்ணும் இடம் வேறு

சேர்க்கை எப்போதும் நோயாளியின் வீட்டு முகவரியில்தான் எழுதப்படும். ஊர் நடுவில் பார்கள் வரிசையாக நிற்கும் தெருவில் வெள்ளிக்கிழமை இரவு விழுந்து மண்டை உடைந்தவர், ஐந்து மைல் தள்ளி இருக்கும் அவருடைய வார்டில் ஏறிக்கொள்வார். அப்படிப்பட்டவர்களில் நிறையப் பேர் அவசரப் பிரிவில் தையல் போட்டுக்கொண்டு விடியற்காலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்கள் சேர்க்கையே இல்லை, வேறு தரவுத் தொகுப்பு. ஆக, நாம் மனதில் வைத்திருக்கும் 'குடித்துவிட்டு ரகளை' காட்சிக்கும் இந்த வரைபடத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. இதில் நிறைந்திருப்பது பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயது தாண்டிய, பல வருடக் குடியால் உடம்பு போனவர்கள்.

சரி, முகவரியே இல்லாதவர்? அவருக்கு இசட்இசட்99 3விஇசட் என்று ஒரு பொய் அஞ்சல் குறியீடு இருக்கிறது. அப்படி ஒரு தெரு எங்கும் கிடையாது, ஆகவே அவர் வரைபடத்திலும் கிடையாது. ஊரிலேயே அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் அவர்களாக இருக்கலாம், ஆனால் எந்த வார்டும் அவர்களுக்காகச் சிவப்பதில்லை. அதே ஆள் ஒரு விடுதியில் தங்கி, விடுதி முகவரியைக் கொடுத்தால் தலைகீழ்: நாற்பது பேர் தங்கும் ஒற்றைக் கட்டிடம் ஒரு சின்ன வட்டாரத்தையே கருஞ்சிவப்பாக்கிவிடும். சுற்றியிருக்கும் வீடுகளில் தோட்டமும் பூனையுமாக வாழ்பவர்களுக்கு ஒன்றும் புரியாது.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியது, எண்ணியது ஆட்களையா சேர்க்கைகளையா என்று. ஒரே ஆள் வருடத்தில் பதினான்கு தடவை அட்மிட் ஆவதுண்டு. சேர்க்கையை எண்ணினால் பதினான்கு, ஆளை எண்ணினால் ஒன்று. சின்ன வட்டாரத்தில் அப்படி மூன்று பேர் இருந்தால் போதும்.

வயதைச் சரிசெய்தார்களா

ஒரு குட்டிக் கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனை, கணக்கு நிஜம். 'அ' வார்டு மாணவர்கள் ஏரியா: 40 வயதுக்குக் கீழே 8,000 பேர், மேலே 2,000. 'ஆ' வார்டு ஓய்வுபெற்றவர்கள் ஏரியா: கீழே 3,000, மேலே 7,000. வருடத்தில் 'அ'வில் 45 சேர்க்கை, 'ஆ'வில் 70. இரண்டிலும் பத்தாயிரம் பேர்தான், ஆகவே 'ஆ' மோசம் என்று தோன்றும்.

இப்போது நாட்டு விகிதம் இளையவர்களில் ஆயிரத்துக்கு 2, மூத்தவர்களில் ஆயிரத்துக்கு 10 என்று வையுங்கள். 'அ'வில் எதிர்பார்க்க வேண்டியது 16ம் 20ம், மொத்தம் 36. வந்தது 45. 45ஐ 36ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 125. 'ஆ'வில் எதிர்பார்ப்பது 6ம் 70ம், மொத்தம் 76. வந்தது 70, அதாவது 92. ஆட்டம் திரும்பிவிட்டது. வார்டு அட்டவணைகளில் 'இங்கிலாந்து = 100' என்று போட்டிருப்பது இந்த வகை எண்தான். நகரங்களை ஒப்பிடும் அட்டவணையில் லட்சத்துக்கு இத்தனை என்று வேறு வகையில் வயதைச் சரிசெய்து கொடுப்பார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள், ஒன்று கிலோ, ஒன்று படி.

கணக்கு இன்னும் முடியவில்லை. 125 என்றதும் கவுன்சிலர் ட்வீட் போட ஓடுவார். நிறுத்துங்கள். 45 என்பது சின்ன எண், அடுத்த வருடம் 38 ஆகலாம், 52 ஆகலாம், எந்தக் காரணமும் இல்லாமல். கைக்கணக்காக, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி இருபுறமும் நகர்த்துங்கள். 45இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.7, இரட்டித்தால் 13. ஆக 32இலிருந்து 58 வரை. 36ஆல் வகுத்தால் 89 முதல் 161 வரை. இடையில் 100 உட்கார்ந்திருக்கிறது, எனவே ஒரு வருடத்தை மட்டும் வைத்து 'அ' வார்டு சராசரியைவிட மோசம் என்று சொல்ல முடியாது. ஐந்து வருடம் சேர்த்தால் 225 சேர்க்கை, எதிர்பார்ப்பு 180. வர்க்கமூலம் 15, இரட்டித்தால் 30. 195 முதல் 255, அதாவது 108 முதல் 142. இப்போது சொல்லலாம். வார்டு எண்களை ஐந்து வருடம் சேர்த்து வெளியிடுவது இதனால்தான். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவதால் உண்மையான இடைவெளி இதைவிடவும் அகலம், அதையும் மனதில் வையுங்கள்.

ஷெஃபீல்டில் 28 வார்டு, சராசரியாக ஒவ்வொன்றிலும் இருபதாயிரம் பேர் என்பதால் ஓரளவு தாங்கும். அதற்கும் கீழே, ஆயிரத்திலிருந்து மூவாயிரம் பேர் கொண்ட புள்ளியியல் வட்டாரங்களுக்கு இறங்கினால் எண்கள் குதிக்கும், அல்லது காணாமலே போகும். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்று 1 முதல் 7 வரையுள்ள எண்களை மறைத்து நட்சத்திரக் குறி போடுவார்கள், மற்றவற்றை ஐந்தின் மடங்காக்கிவிடுவார்கள். நட்சத்திரத்தைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு கூட்டிய டிசர்டேஷன் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

போன வருடத்தோடு ஒப்பிடுமுன்

2018-19இல் இங்கிலாந்தின் குறுகிய எண் 3,58,000 என்று வெளியானது. அடுத்த வருடத்துக்கு வெளியானது 2,80,000. எழுபத்தெட்டாயிரம் பேர் திருந்திவிட்டார்களா? இல்லை. நடுவில் அந்தப் பின்னங்களைப் புது ஆய்வுகளை வைத்து மாற்றி எழுதினார்கள். புதிய பின்னங்களை வைத்தே இரண்டு வருடத்தையும் கணக்கிட்டால் 2 சதவீதம் கூடித்தான் இருந்தது. இரண்டு அறிக்கைகளிலிருந்து ஒவ்வொரு எண் எடுத்து ஒட்டினால் இதுதான் கதி. எப்போதும் ஒரே வெளியீட்டிலிருந்து முழு வரிசையையும் எடுங்கள்.

2020-21ஐ வைத்து எந்தப் போக்கையும் சொல்லாதீர்கள். கோவிடுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே ஆட்கள் போகவில்லை, சேர்க்கை விழுந்தது. அதே நேரம் பிரிட்டன் முழுவதும் முழுக்க மதுவால் வந்த மரணங்கள் 2019இல் 7,565, 2020இல் 8,974. கட்டில் காலியாக இருந்தது, சாவு கூடியது. வார்டு எல்லைகளும் மாறும், ஷெஃபீல்டில் 2016இல் மாறின. பெயர் அதேதான் என்று நம்பிப் பழையதையும் புதியதையும் இணைத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் சிவப்பாக இருந்தால்

இருக்கும். அதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏதோ எண்களைக் கரைத்துவிட வந்தவன் மாதிரி ஆகிவிடும். முழுக்க-மது எண்ணை எடுத்து, வயதைச் சரிசெய்து, ஐந்து வருடம் சேர்த்தாலும் இங்கிலாந்து நகரங்களில் ஏழை ஏரியாக்கள் மேலேதான் நிற்கும். ஆனால் சர்வேயில் கேட்டால், வசதியானவர்கள் ஏழைகள் அளவுக்கோ அவர்களைவிடக் கூடவோதான் குடிக்கிறார்கள். இந்த முரணுக்கு ஆய்வுலகில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். காரணங்கள் பல. ஏழை ஏரியாவில் குடிக்காதவர்கள் அதிகம், அதனால் சராசரி கீழே இறங்கும், ஆனால் குடிப்பவர்களில் சிலர் மிக அதிகமாகக் குடிப்பார்கள். அதோடு புகை, சத்தில்லாத சாப்பாடு, டாக்டரிடம் தாமதமாகப் போவது. ஒரே அளவு மது இரண்டு உடம்புகளை ஒரே அளவுக்குக் கெடுப்பதில்லை.

ஷெஃபீல்டில் 2013இல் நியாய ஆணையம் ஒன்று தந்த அறிக்கையில் 83ஆம் எண் பேருந்தைப் பற்றி ஒரு பத்தி வரும். எக்கிள்சால் வார்டில் ஏறும்போது பெண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 86.3 வயது, நாற்பது நிமிடம் கழித்து அதே பேருந்து பர்ன்கிரீவுக்குள் நுழையும்போது 76.9. அது மதுவைப் பற்றிய எண் அல்ல. ஆனால் எந்த நோயின் வரைபடத்தைப் போட்டாலும் கிட்டத்தட்ட அந்தப் பேருந்துத் தடம்தான் தெரிகிறது. ஆகவே உங்கள் மது வரைபடத்துக்குப் பக்கத்தில் ஏழ்மைக் குறியீட்டு வரைபடத்தை வைத்துப் பாருங்கள். இரண்டும் அச்சு அசலாக இருந்தால், நீங்கள் மதுவைப் பற்றி இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஏழ்மைக்கு மிஞ்சி எந்த வார்டு மேலே நிற்கிறது, எது எதிர்பார்த்ததைவிடக் கீழே இருக்கிறது என்பதில்தான் விஷயம்.

விலையும் ஒரு காரணம். 7.5 சதவீத மது உள்ள மூன்று லிட்டர் சைடர் (ஆப்பிள் மது) பாட்டிலில் 22.5 யூனிட் இருக்கிறது (ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால்), வாரம் முழுவதற்கும் 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்பது அரசு அறிவுரை. 2018இல் ஸ்காட்லாந்து யூனிட்டுக்கு 50 பென்ஸ் என்று அடிமட்ட விலை வைத்தபோது அந்தப் பாட்டில் 11 பவுண்டு 25 பென்ஸுக்குக் கீழே விற்கக்கூடாது என்றானது. முழுக்க மதுவால் வந்த மரணங்கள் அங்கே 13.4 சதவீதம் குறைந்ததாக 2023இல் மதிப்பிட்டார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு விலை இன்றுவரை இல்லை.

எழுதிக் கேட்பது

கவுன்சிலுக்கு மின்னஞ்சல் போதும், வக்கீல் வேண்டாம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்கிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் இருபது வேலை நாளில் பதில் தர வேண்டும். இந்த எண் விரிந்ததா, குறுகியதா, முழுக்க மதுவா? எந்த வருடங்கள் சேர்த்தது? சேர்க்கையா, ஆட்களா? நம்பக இடைவெளி, அதாவது மேலே வர்க்கமூலம் வைத்துப் போட்ட மாதிரியான 'இதிலிருந்து இதுவரை', என்ன? ஏழ்மையைக் கணக்கில் எடுத்தபின் இந்த வார்டு எங்கே நிற்கிறது? இவ்வளவு கேட்டால் போதும். கோபமாக எழுதாதீர்கள், பெரும்பாலும் அந்தப் பக்கம் இருப்பது அந்த வரைபடம் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்று நினைத்துத் தானே சங்கடப்படும் ஒரு புள்ளியியல்காரர்தான். உரிம விசாரணையென்றால் இன்னொன்று: இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தில் நான்கு நோக்கங்கள்தான், குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்துத் தொல்லை தடுப்பு, குழந்தைகள் பாதுகாப்பு. பொதுச் சுகாதாரம் அதில் இல்லை, ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஆகவே சேர்க்கை எண் துணைக்கு வரலாம், அது மட்டுமே காரணமாக நிற்க முடியாது.

அண்ணன் எழுதிக் கேட்டார். பதினெட்டாம் நாள் பதில் வந்தது. வரைபடத்தில் இருந்தது விரிந்த எண். முழுக்க-மது எண்ணில் அவருடைய வார்டு நகரத்தில் இரண்டாவது இடத்திலிருந்து ஏழாவதுக்கு இறங்கியிருந்தது, ஆனாலும் சராசரிக்குத் தெளிவாக மேலேதான். அதைப் படித்துக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஒரு மணியை விட்டுவிட்டு நள்ளிரவு வரை என்று விண்ணப்பத்தை மாற்றிக்கொண்டார், கிடைத்தது. மூன்று லிட்டர் சைடர் வைத்திருந்த கீழ் அடுக்கில் இப்போது தேங்காய்த் தண்ணீர் பாட்டில் அடுக்கியிருக்கிறார். போகிறதா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறார்.